கிணற்றுக்குள் வெயில் விடுகிறவர்

சூரியன் பனைக்கு மேலே ஏறியதும் சின்னத்தங்கம் மடியிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுக்கிறார். காலமான கணவர் முகம் மழிக்க வைத்திருந்த கண்ணாடி. கிணற்றுக்கட்டில் ஒரு காலை ஊன்றி, வெயிலைப் பிடித்து உள்ளே விடுகிறார். வெளிச்சப் பொட்டு கல்லிடுக்குகளில் ஊர்ந்து, தண்ணீரில் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. ஒன்றும் இல்லை. அடுத்த கிணற்றுக்கு நடக்கிறார். நீர்வேலி ஊரில் அவருடைய வாழைத்தோட்டத்தை அண்டி மூன்று கிணறுகள். மூன்றையும் பார்த்த பிறகுதான் தேநீர்.

விழுந்து கிடப்பவை பலவகை. கீரி, உடும்பு, ஆமை, ஒருமுறை இறக்கை முறிந்த ஆந்தை. எடுத்துவிடும்போது ஏச்சும் விழும். "கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு ஓடினனி? கொம்மா உனக்குக் கிணறு காட்டித் தரேல்லையோ?" ஏசி முடியுமுன்னே கீரி வேலி தாண்டியிருக்கும். எதையும் அவர் தடவிக்கொடுத்ததில்லை, பெயர் வைத்ததுமில்லை. ஆந்தையை மட்டும் இறக்கை பொருந்தும்வரை பனையோலைக் கடகத்தால் மூடி வைத்திருந்தார். பார்க்க வந்தவர்களை, "உது என்ன, கண்காட்சியே?" என்று கலைத்துவிட்டார்.

"ஏன் மாமி உந்தப் பாடு?" என்று நான் கேட்டால் ஒரே பதில்தான்.

"நான் தண்ணிக்காகச் செய்யிறன், தம்பி. செத்தால் ஆர் கிணறு இறைக்கிறது?"

அது நியாயம். கிணற்றில் ஒரு சீவன் செத்தால், அடிமட்டம்வரை இறைத்தால்தான் அந்தத் தண்ணீரை ஆட்கள் தொடுவார்கள். மண்ணெண்ணெய் கிடைத்த நாளில் இயந்திரம் அதை ஒரு பொழுதில் முடித்துவிடும். இப்போது சண்டை; மண்ணெண்ணெய்க்குத் தடை. இயந்திரங்கள் சாக்குப் போர்த்துக் கிடக்கின்றன. ஆள் ஏறி மிதிக்கும் துலா ஏற்றத்தால் இறைப்பதென்றால் மூன்று நாள் முதுகு முறியும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவன் நான், அதுவும் விலங்கியலில். நரிக்கு எத்தனை பல் என்று எனக்குத் தெரியும். அதைக் கிணற்றிலிருந்து எடுக்கும் வழி தெரியாது. சென்ற சித்திரையில் நடுக்கிணற்றில் நரி விழுந்தபோது நானும் மற்றவர்களைப் போலக் கிணற்றுக்கட்டில் குனிந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

நடுக்கிணறு பங்குக் கிணறு. நான்கு குடும்பங்கள் நாள்முறை வைத்து இறைக்கும். அன்றைய முறை, சின்னத்தங்கத்தின் மச்சான் கதிரவேலருக்கு. அவருடைய வெங்காயத்துக்கு அன்று தண்ணீர் விடாவிட்டால் இனி நான்கு நாளைக்கு இல்லை. நீளத் தடியின் நுனியில் கத்தியைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நரி சுற்றிச் சுற்றி நீந்தியது. மூக்கு மட்டும் வெளியே.

"குத்தி எடுத்துப்போட்டு நாலு பட்டை தண்ணி இறைச்சு ஊத்தினால் சரி" என்றார்.

"இரத்தம் எங்கை போகும், உம்மடை வெங்காயத்துக்கோ?"

"அப்ப மேளம் அடிச்சுக் கூப்பிடுவமோ, மச்சாள்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னத்தங்கம் சிரிக்கவில்லை.

"மத்தியானம் மட்டும் பொறும். அதுக்குள்ளை அது செத்தால் கிணத்தை நான் தனிய இறைக்கிறன். ஆனி முடியுமட்டும் என்ரை முறையும் உமக்கு."

சிரிப்பு நின்றுபோனது. மற்ற இரண்டு கிணற்றிலும் சின்னத்தங்கத்துக்குப் பங்கில்லை. ஆனிவரை இதில் தண்ணீர் இல்லையென்றால், குலை தள்ளிய அவருடைய வாழைகளில் ஒன்றுகூடத் தப்பாது. அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

முதல் வேலையாக எங்களை விரட்டினார். "எட்டிப் பாக்காதேங்கோ. மேலை தலையைக் கண்டால் அது ஒண்டிலும் ஏறாது. நீந்தி நீந்தியே சாகும்." பிறகு குலை வெட்டிய வாழை ஒன்றைச் சரித்து, இரண்டு துண்டை அருகருகாகக் கட்டி, மேலே ஈரச்சாக்கை விரித்தார். நான்கு மூலையிலும் கயிறு போட்டு, துலாவின் கொடிக்கயிற்றில் தண்ணீர் அள்ளும் பட்டைக்குப் பதிலாக அந்தத் தெப்பத்தைத் தொங்கவிட்டார்.

"ஏறும், மச்சான். உம்மைப்போல அலுங்காமல் துலா மிதிக்க இந்த ஊரிலை ஆர் இருக்கினம்?"

புகழ்ச்சிக்கு மயங்கினாரோ, வெங்காயத்தை நினைத்தாரோ, கதிரவேலர் கத்தித்தடியைக் கீழே வைத்தார். துலாவில் ஏறி முன்னால் நடக்க, தெப்பம் தண்ணீரைத் தொட்டது.

சின்னத்தங்கம் கிணற்றுக்கட்டோடு ஒட்டிக் குந்தி, தலையை மறைத்து, கண்ணாடியை மட்டும் விளிம்புக்கு மேலே பிடித்தார். பின்னால் நின்ற எனக்கும் கிணறு அவர் கைக்கண்ணாடியில் வட்டமாகத் தெரிந்தது. நரி தெப்பத்தைத் தாண்டிப் போனது. மறுபடியும் தாண்டிப் போனது. மூன்றாவது சுற்றில் மூக்கும் ஒருமுறை அமிழ்ந்தது. நான்காவது சுற்றில் முன்னங்கால் இரண்டும் சாக்கில் பற்றின. பிறகு முழு உடம்பும்.

"தூக்கட்டோ?" என்றார் கதிரவேலர், குரலைத் தாழ்த்தி.

"பொறும். உடம்பை உதறட்டும். உதறமுன்னம் தூக்கினால் பாஞ்சிடும்."

கதிரவேலர் துலாவில் அசையாமல் நின்றார். பிறகு கிணற்றுக்குள் படபடவென்று தண்ணீர் சிதறியது.

"இப்ப. பிள்ளைத்தாச்சி நடக்கிறமாதிரிப் பின்னுக்கு நடவும்."

கதிரவேலர் அடிமேல் அடி வைத்தார். கட்டுக்கு மேலே முதலில் இரண்டு காது தெரிந்தது. அடுத்த கணம் மண்ணிற உடம்பு ஒன்று பாய்ந்து, கதிரவேலர் கழற்றி வைத்திருந்த சால்வையை மிதித்துக்கொண்டு, வாழை வரிசைக்குள் மறைந்தது. எல்லாரும் ஒரே குரலில் கூவினோம். குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து அண்ணாந்து வானத்தைப் பார்க்காமல் எங்கள் ஊர் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

கதிரவேலர் சால்வையில் பதிந்த கால் தடத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி, மச்சாள். நரி குளிச்ச தண்ணியை நாங்கள் என்ன செய்யிறது?"

சின்னத்தங்கம் தெப்பத்தை அவிழ்த்துப் பனையோலைப் பட்டையைக் கட்டினார். கதிரவேலர் மிதித்தார். முதற்பட்டை தளும்பிக்கொண்டு மேலே வந்தது. அதைச் சரித்துப் பிடித்து மூன்று மிடறு குடித்தார் சின்னத்தங்கம். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். மிச்சத்தைக் கதிரவேலரின் வெங்காயத்துக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றிவிட்டு, பட்டையை மறுபடி கிணற்றுக்குள் விட்டார்.