இரண்டு கதவா, நான்கு கதவா

பாலாம்பிகை கண்டி மாநகர சபையில் தலைமை லிகிதர், அதாவது ஹெட் கிளார்க். ஐம்பது வயதைத் தாண்டியபின் ஒருவழியாகச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தவர், அடுத்த வாரமே கார் பார்க்கக் கிளம்பிவிட்டார். கணவர் தனபாலன் தையல் மெஷின் திருத்துகிறவர். எதையும் நன்றாக யோசித்துத்தான் செய்வார். யோசித்து முடித்தபின் பெரும்பாலும் செய்யமாட்டார்.

குண்டசாலையில் முஹ்ஸினின் கார் விற்பனை நிலையம். அவர் பாலாம்பிகையோடு வேலை பார்க்கும் சித்தி றலியா என்பவரின் தம்பி. அங்கே வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்று நின்றது. பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

"ஏங்க, அந்தச் சிவப்பு..." என்று தொடங்கினார் பாலாம்பிகை.

"அந்தப் பக்கமே பார்க்காத. அது சினிமாக்காரங்க வண்டி. நமக்குச் சின்னதுதான்."

"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க மிஸ்," என்றார் முஹ்ஸின். "ஓட்டாம ஒண்டும் வெளங்காது."

ஹுன்னஸ்கிரிய தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும், பாலாம்பிகையின் தங்கை வடிவம்மாவும் கூட வந்திருந்தார். முதலில் மூவரும் சின்னக் காரில் ஏறினார்கள். பின் சீட்டில் வடிவம்மாவும் அவருடைய மரக்கறிப் பைகளும். ஏற்றத்தில் கார் முனகியது. ஏசியை நிறுத்தினார்கள், அப்படியும் ஒரு ஆட்டோ முந்திக்கொண்டு போனது. ஆனால் ஒடுக்கமான இடத்தில் கார் ஒரே வெட்டில் திரும்பியது.

"கைப்பையைத் திருப்புற மாதிரில்ல திரும்புது!" என்றார் பாலாம்பிகை. தனபாலனுக்குப் பரம திருப்தி.

அடுத்தது சிவப்புக் கார். வடிவம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"நான் எங்க உக்கார்றது?"

"பின்னுக்கு ஆள் போகேலாது டீச்சர். குடை ஒண்டு வைக்கலாம்," என்றார் முஹ்ஸின்.

"அப்ப நான் பஸ்ல வீட்டுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் அங்க வாங்க, டீ போட்டு வைக்கிறேன்."

பாலாம்பிகை மிதித்ததும் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. வடிவம்மாவின் பஸ்ஸை அநாயாசமாக முந்தியது. தனபாலன் "மெதுவா, மெதுவா" என்றார். அப்புறம் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, பின்தங்கிய பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். மலை ஏறத் தொடங்கியதும் வீதி திருத்த வேலை. குழிக்குக் குழி காரின் அடிவயிறு உரசியது. பாலாம்பிகை பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்தார். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. ஜன்னலில் வடிவம்மா கையசைத்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டீ ஆறியிருந்தது. பாலாம்பிகை எப்படியோ சேலையைச் சேர்த்துப் பிடித்து இறங்கிவிட்டார். தனபாலனால் முடியவில்லை. முழங்கால் காருக்குள்ளேயே தங்கிவிட்டது. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இழுக்காதீங்க! நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்," என்றார் அவர்.

பாலாம்பிகை சின்னக் காரையே வாங்கினார். மழையில் தங்கையை ஏற்றலாம், அரிசி மூட்டை ஏற்றலாம், நாவலப்பிட்டியில் கலியாண வீடென்றால் நாலு பேர் சேர்ந்து போகலாம். அவர் கணக்கு அவ்வளவுதான். ஆசை இருந்தது, ஆனால் அன்று குழிகளில் பட்ட பாட்டில் பாதி இறங்கிவிட்டது.

சில வாரம் கழித்து முஹ்ஸின் போனில் கோல் எடுத்தார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஒங்கட மிஸ்டர் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க வாறார். சிவப்புக் கார்ல ஏறி உக்காந்து, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கப் புடிச்சிட்டுப் போறார். எனக்கு ஒண்டுமில்ல. ஆனா காரு வித்துப்போச்சு. நாளைக்கு எடுக்க வாறாங்க."

பாலாம்பிகை அன்று பின்னேரமே கணவரைக் கூட்டிக்கொண்டு போனார். முஹ்ஸின் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார். தனபாலனுக்கு ஓட்டத் தெரியாது. பாலாம்பிகைதான் ஓட்டினார், கண்டி வாவியைச் சுற்றி. சனிக்கிழமை நெரிசல். கார் ஒரு முழம் நகரும், நிற்கும். நடைபாதையில் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனபாலன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முழங்கையை வெளியே வைத்து, நெரிசலை முழுதாக அனுபவித்தார்.

பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். "ஐயா, இது என்ன ஸ்பீடு போகும்?"

"தெரியலையே தம்பி," என்றார் தனபாலன் பெருமையோடு. "எங்க வீட்டம்மா இன்னும் ரெண்டாவது கியருக்கே போகல."