டபுளெட் என்று ஒதுக்கிய செல்

விமலா திரையில் அந்தப் படத்தைப் போட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஜொகூர் பாருவில் எங்கள் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தின் வாரக் கூட்டம் அது. சிகாமட்டிலிருந்து வந்து என்னிடமே வேலை பழகியவள், மார்பகக் கட்டிகளில் நாங்கள் யாரும் பார்க்காத ஒரு செல் வகையைப் பிடித்துவிட்டாளாம். பாதி புற்றுநோய் செல்லின் குணம், பாதி நோய் எதிர்ப்பு செல்லின் குணம்.

"டபுளெட்டா இருக்கும்லா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டியைத் தனித்தனி செல்லாகப் பிரித்துக் கொடுத்தால், மெஷின் ஒவ்வொன்றையும் ஒரு நுண்துளிக்குள் அடைக்கும். சில துளிகளில் இரண்டு செல் சேர்ந்து விழுந்துவிடும். ஜீன்களை வாசிக்கும்போது இரண்டும் கலந்து ஒரே விசித்திர செல்லாகத் தெரியும். அதுதான் டபுளெட். அதைப் பார்த்துப் புதியவர்கள் குதிப்பது வழக்கம்.

எங்கள் தலைவர் டாக்டர் சேவியர் என்னைப் பார்த்தார். "அப்ப நீங்களே செக் பண்ணுங்க, மாலதி. நிஜம்னா சிங்கப்பூர் மாநாட்டுல விமலா பேசட்டும்."

அது நான் வருஷக்கணக்காகக் காத்திருந்த மேடை.

என் சொந்த வேலையைக்கூட அவ்வளவு அக்கறையாக நான் செய்ததில்லை. டபுளெட்டைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர்களை மாற்றி மாற்றி ஓட்டினேன். எதிலும் அந்தச் செல்கள் டபுளெட்டாகச் சிக்கவில்லை. கடைசியில் அதே கட்டியின் மெல்லிய சீவலை எடுத்து, புற்றுநோய் குணத்துக்குப் பச்சை, நோய் எதிர்ப்பு குணத்துக்குச் சிவப்பு என்று இரண்டு நிறச் சாயம் ஏற்றினேன். இதில் துளியே கிடையாது, கலப்பதற்கு வழியில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரே செல், ஒரே உட்கரு, அதில் பச்சையும் சிவப்பும்.

"என்னக்கா, ரெண்டு செல்லா?" பக்கத்தில் நின்ற விமலா கேட்டாள்.

"ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு அவள் பார்க்க நகர்ந்துகொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. என் பழைய சாம்பிள்களில் டபுளெட் என்று ஒதுக்கிய குவியலைத் திறந்தேன். அதே செல்கள் அங்கே கிடந்தன. சந்தேகப்பட்டதை உடனே தூக்கிப் போடு என்றுதான் அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

"மாலதியாலயே மறுக்க முடியலன்னா, அது நிஜம்தான்," என்று சொல்லித்தான் டாக்டர் சேவியர் மாநாட்டில் அவளை மேடைக்கு அழைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கைதட்டினேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

நான் கற்றது இதுதான்: நம்மேல் பிரியமுள்ளவர்கள் நம் ரிசல்ட்டில் ஓட்டை தேட மாட்டார்கள், பொறாமைப்படுபவர்கள் விடாமல் தேடுவார்கள். அதனால் புதிதாக எது கிடைத்தாலும் முதலில் விமலாவிடம் காட்டுகிறேன்.

அவள் ஒவ்வொரு முறையும், "சூப்பர்க்கா!" என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.