வுழூத் தண்ணீரில் காய்த்த பூசணி

எங்கள் வாப்பாவை ஐந்து வேளையும் தொழ வைத்தது ஒரு பூசணிக்கொடி. இன்று இதைச் சொன்னால் கோபிப்பார். ஆனாலும் உண்மை அதுதான்.

யுத்தம் முடிந்து, மன்னாருக்குத் திரும்பிப் போவதா, கற்பிட்டி வீதியோரத்து மணலிலேயே இருந்துவிடுவதா என்று பெரியவர்கள் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. கோடை பிறந்தால் எங்கள் வளவுக் கிணறு உவராகிவிடும். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, செடிக்கு ஊற்றினால் இலை கருகும். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர்தான். அதுவும் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. வந்த தண்ணீரை நீலப் பீப்பாவில் நிரப்பி, அதன் மூடிமேல் ஒரு கல்லையும் வைத்துவிடுவார் உம்மா.

சமைக்கும் குசினிக்குப் பின்னால் அந்தக் கொடியை நட்டவரும் அவர்தான். கருவாடு காயவைக்கும் வாடியில் வாப்பாவுக்கு வேலையில்லாத நாட்களில் எங்கள் கறிச்சட்டிக்கு அதை விட்டால் கதியில்லை. ஆனால் நல்ல தண்ணீரை நேரே மண்ணில் ஊற்ற உம்மாவுக்கு மனம் வராது. ஒரு வேலை செய்துவிட்டுத்தான் அது கீழே விழ வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் கொடிக்குப் போனது. அது போதாமல் போகவே, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழூவையும் கொடியின் அடியில் நின்றே எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

வாப்பா முறைப்பட்டார். "கிணத்துத் தண்ணி இருக்குத்தானே? கடல் தண்ணியிலயும் வுழூ கூடும்."

"ஒங்களுக்குக் கூடும். கொடிக்குக் கூடாதே" என்றார் உம்மா.

ஒரு வேளை தொழுகை தவறினால் கொடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் குறையும். ஆகவே உம்மா வாப்பாவை விடவில்லை. விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பாயிலிருந்து எழுப்பிக் கொடியடிக்கு அனுப்பினார். நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போவேன். கூரைமேல் ஏறிக்கிடந்த கொடியில் ஒரேயொரு காய், நேற்றைவிடப் பெரிதாக இருக்கும். தொழுகையைக் குடித்து வளரும் காய் என்று நம்பினேன். அதைத் தொடவே எனக்குப் பயம்.

பிறகு பவுசர் வராமல் போனது. பீப்பாவின் அடி தெரிந்தது. குடிக்க ஆளுக்கு ஒரு செம்புதான் என்று உம்மா அளந்து வைத்தார். வாப்பா உவர்க் கிணற்றுக்கு வுழூ எடுக்கப் போனார். கொடியின் இலைகள் துவண்டு தொங்கின. காயும் வாடிவிடுமோ என்று எனக்கு அழுகை வந்தது.

"நான் இண்டைக்கு நோன்பு" என்றார் உம்மா. எங்களுக்கு மட்டும் கொஞ்சம் சோறு ஆக்கினார்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் ஒரு செம்பு நல்ல தண்ணீருடன் கொடியடியில் வந்து நின்றார். உதடு வெடித்திருந்தது. கைகளைக் கழுவினார், வாய் கொப்பளித்துத் துப்பினார், முகம் கழுவினார். அவ்வளவு மெதுவாக யாரும் வுழூ எடுத்து நான் பார்த்ததில்லை. கடைசிச் சொட்டும் அவருடைய பாதங்களில் வழிந்து வேருக்குப் போனது. பொழுதுபட்டு மஃரிப் தொழுகை வருவதற்குள் இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அல்லாஹ் பதில் சொல்வதைக் கண்ணால் கண்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பவுசர் திரும்பி வரும்வரை உம்மா நோன்பை விடவில்லை, கொடியும் சாகவில்லை. காயை வெட்டியபோது உள்ளே மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரு பெரிய துண்டு போனது. "எங்கட உம்மா நோன்பு பிடிச்சா பூசணி காய்க்கும்" என்று குர்ஆன் ஓதப் போன இடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு பிடிப்பவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். உம்மாவின் நோன்புக்கு அப்படிக் கிழமை கிடையாது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு கோடையிலும் திடீரென்று "நான் இண்டைக்கு நோன்பு" என்பார். எவ்வளவு பெரிய பக்தி என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். பவுசர் வந்த நாளில் அவர் ஒருமுறையாவது நோன்பு பிடித்தாரா என்று கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.