இரண்டு கப்பலில் வந்த மொழி

சுனாமிக்குப் பிறகு கார் நிக்கோபாரில் தகர வீடுகள் கட்ட ஆள் எடுத்தபோது கப்பல் ஏறியவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டிருந்தேன். கட்டட வேலை முடிந்ததும் வயரிங், அப்புறம் கணினி பழுதுபார்ப்பு என்று தீவு தீவாகப் போனேன். எங்கேயும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஓர் அறை எடுத்த பிறகுதான் இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

காரணம், ஒரு மீன் குளிர் அறையில் கிடைத்த வேலை. அதை நடத்திய அக்கா கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அறையில் குளிர் குறைந்தால் சைரன் அடிக்கும்படி, ஒரு பழைய லேப்டாப்பில் நான் நிரல் எழுதி வைத்திருந்தேன். புத்தகம் பார்த்துக் கற்ற சி மொழி. மூன்று நாள், நாலு நாள் ஓடும். பிறகு சத்தமில்லாமல் நின்றுவிடும். ஒரு மதியம் கம்ப்ரஸர் நின்றது, சைரன் அடிக்கவில்லை. அறை நிறைய இருந்த சூரை மீன் கெட்டுப்போனது.

அக்கா கத்தவில்லை. “தம்பி, ஒன் மெஷின் பந்த் ஆனது ஒனக்கே தெரியல. மெட்ராஸ்லேந்து ரெண்டு கப்பல் வர்ற வரைக்கும் பாப்பேன். அப்புறம் பழையபடி குளிரப் பாத்துக்க ஆள் போட்டுக்கிறேன்.”

ஆள் போட்டுவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை. மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சி நிரல் இப்படி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் கணினியின் நினைவகத்தைத் தப்பாகத் தொடுவதுதான் காரணம். அப்படித் தொடும் நிரலை ஓடவே விடாத ஒரு மொழி இருக்கிறது, பெயர் ரஸ்ட் என்று ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தேன். அப்போது தீவில் இணையம் செயற்கைக்கோள் வழியாக வந்துகொண்டிருந்தது. பெரிய ஃபைல் எதுவும் பாதியில் அறுந்துவிடும். அதனால் சினிமாவிலிருந்து எல்லாமே கப்பல்காரர்களின் பென்டிரைவில்தான் வரும். சென்னைக் கப்பலின் கேன்டீனில் வேலை பார்த்த நண்பனிடம் ஒரு சீட்டு கொடுத்தேன்: ரஸ்ட் பாடப் புத்தகம், அதன் தளத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் இன்ஸ்டாலர்.

கொண்டுவந்தான். புத்தகம் முழுதாக இருந்தது. இன்ஸ்டாலரைத் தட்டினேன். அது தன் பங்குக்கு இணையத்தைத் தேடியது. அந்தச் சின்ன ஃபைலின் வேலையே மீதி எல்லாவற்றையும் இறக்கி வைப்பதுதானாம். மெயின்லேண்டில் இருப்பவனுக்கு அது ஒரு நிமிட விஷயம். அதைத்தான் நான் மூன்று நாள் கடலில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்தைக் கேட்ட அக்கா, “சரக்கு கேட்டா, சரக்கு வாங்கப் போற ஆள அனுப்பிருக்காங்க,” என்றார்.

தனியாக நிறுவக்கூடிய முழுப் பொதி எது என்று புத்தகத்தில் தேடி, அதன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி நண்பனை மறுபடி அனுப்பினேன். அடுத்த கப்பல் வரும்வரை கையில் புத்தகமும் ஒரு நோட்டும்தான். நிரலை நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் உரிமையாளர். உரிமையாளர் போனால் அதுவும் போய்விடும். இரவல் தரலாம். பார்க்க மட்டும் என்றால் எத்தனை பேருக்கும் தரலாம், மாற்றுவதற்கு என்றால் ஒருவருக்குத்தான். வரிக்கு வரி பக்கத்தில் ‘இது யாருடையது’ என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். சைரன் பகுதி வந்ததும் குறிக்க முடியவில்லை. என் சி நிரலில், வெப்பநிலையைப் படிக்கும் பகுதி தான் படித்ததை அழித்துவிட்டுப் போகிறது. சைரன் பகுதி அதற்குப் பிறகு அதே இடத்தைப் போய்ப் பார்க்கிறது. பல மாதம் ஓடவிட்டும் பிடிபடாத தப்பு, ஓட வழியே இல்லாத தாளில் பிடிபட்டது.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அதெல்லாம் எனக்கு எதற்கு, ஓட்டிக் காட்டு என்றுவிட்டார். சி நிரலில் அந்த ஓர் இடத்தைத் திருத்தினாலும் இன்னும் எத்தனை ஒளிந்திருக்குமோ என்று கப்பலுக்கே காத்திருந்தேன்.

இரண்டாவது கப்பலில் முழுப் பொதி வந்தது. நோட்டில் இருந்ததைத் தட்டச்சு செய்து ரஸ்டிடம் கொடுத்தேன். திரை நிறையப் பிழைகள். ஆனால் இந்த வரியில் கொடுத்துவிட்டாய், அந்த வரியில் மறுபடி எடுக்கிறாய் என்று கோடு போட்டுக் காட்டியது. என்ன தப்பு என்று சொல்லாமலே அடித்த மேஸ்திரிகளிடம் வேலை கற்றவன் நான். இதனிடம் திட்டு வாங்குவது கஷ்டமாக இல்லை. இரண்டு பகலில் பிழைகள் தீர்ந்தன. ஓடுகிறதா பார்ப்போம் என்று அக்கா இன்னும் ஆள் போடவில்லை.

நிரல் நாலாவது நாளைத் தாண்டியது. ஒன்பதாவது நாள் காலை நான் வெளியே ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சைரன் அலறியது. குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கம்ப்ரஸர் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முந்தானையால் காதைப் பொத்தியிருந்தார்.

“பக்கா,” என்று சுவிட்சைப் போட்டார். “பக்கத்து ரூமுக்கும் ஒண்ணு வச்சுரு.”

அன்று சாயங்காலம் மரக்கடைக்குப் போய் ஒரு கட்டிலுக்கு அளவு சொன்னேன். கப்பலில் தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான் எதையும் அதற்கு முன் நான் வாங்கியதில்லை.