காரைக்காலா, காரைக்குடியா?

அடுத்தவர் படிவத்தை நிரப்பிப் பிழைப்பதும் ஒரு தொழில் என்று நீங்கள் ஒப்புக்கொண்டால், பதினோரு வருடமாக நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன். காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். 'மாநிலத்தைத் தேர்வு செய்க' என்ற கட்டத்தின் முன்னால் விழி பிதுங்க உட்கார்ந்திருக்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் நாட்டைப் பற்றி நம் நாட்டுக்கே தெரியாத சங்கதிகளை இந்த நாற்காலியில்தான் தெரிந்துகொண்டேன். நாற்காலியை விட்டு எழுந்து போக எனக்கிருந்த ஒரே வழி மத்திய அரசு எழுத்தர் தேர்வு. வயது வரம்புப்படி போன வருடம்தான் கடைசி வாய்ப்பு.

எல்லை தாண்டிய அண்ணன்

திருவேட்டக்குடி செல்வமணி அண்ணன் கடலுக்குப் போகிறவர். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக வந்திருந்தார். பின்கோடு அடித்ததும் மாநிலம் என்ற இடத்தில் 'தமிழ்நாடு' தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, மாற்றவும் விடவில்லை. நாங்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள். மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் இருப்பதற்கு நாங்கள் என்ன செய்வது?

உதவி எண்ணுக்கு அழைத்தேன். "காரைக்குடியா மேடம்?" என்றாள் ஒரு பெண். காரைக்கால் என்றேன். "அதான் மேடம், காரைக்குடி. தமிழ்நாடுன்னு கரெக்டாத்தானே காட்டுது" என்று வைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு ஊர்ப் பெயரைப் பிரித்துப் படிக்கத் துப்பில்லாத ஜென்மங்கள் என்று அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சிலோன் பக்கம் எல்ல தாண்டுனாத்தான் தப்புன்னு நெனச்சேன்மா. இங்க வீட்டுல உக்காந்திருக்கையிலயே தாண்டிட்டமே!"

உள்ளூர் மாறுதல்

எங்கள் புதுச்சேரி நான்கு துண்டு. இரண்டு தமிழ்க் கரையில், ஒன்று கேரளாவுக்குள், ஒன்று ஆந்திராவுக்குள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை; சரக்கு என்ன விலை என்று மட்டும் கேட்பார்கள். புதுச்சேரி அரசில் வேலை பார்க்கும் போலகத்துக் கணேசன் சாருக்கு ஆந்திராவுக்குள் இருக்கும் யானத்துக்கு மாறுதல் வந்தது. ரத்து செய்யச் சொல்லி மனு அடிக்க வந்தார். அம்மா படுத்த படுக்கை, பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அவருடைய வீட்டிலிருந்து நாகூருக்கு ஸ்கூட்டரில் போய்விடலாம்.

"நாகூரு வெளிமாநிலம். ரயிலு ஏறி மறுநாள் எறங்குற யானம் உள்ளூராம். தெலுங்குல எப்புடி அழுவுறதுன்னு தெரிஞ்சா, அதையும் மனுவுல சேத்துடுங்க" என்றார்.

உயிரோடு இருக்கிறீர்களா?

திருமலைராயன்பட்டினத்து ஹமீது பாய் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்போம். பாஸ்போர்ட் பிரெஞ்சு, பென்ஷன் பிரெஞ்சு. பிரான்சில் அதிபர் தேர்தல் என்றால் இங்கிருந்தபடியே ஓட்டுப் போடுவார். வருடா வருடம் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை ஸ்கேன் செய்ய என்னிடம்தான் வருவார்.

கடைசியாக வந்தபோது என் தேர்வைப் பற்றி விசாரித்தார். இதுதான் கடைசி, விட்டால் ஆயுசுக்கும் ஜெராக்ஸ்தான் பாய் என்றேன். கூடவே உதவி எண் கதையையும் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. "பிரான்சுக்காரன் வருசா வருசம் நான் உசுரோட இருக்கேனான்னாச்சும் கேக்குறாம்மா. நம்ம ஆளுவோ நாம எந்த ஊருல இருக்கோம்னுகூடக் கேக்க மாட்டேங்குறாங்களே."

என் ஹால் டிக்கெட்

என் விண்ணப்பத்தை இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே அவசரமாகப் போட்டேன். ஹால் டிக்கெட் வந்தபோது ஊரில் பாதிப் பேருடையதோடு சேர்த்து என்னுடையதையும் பிரிண்ட் எடுத்தேன். மற்றவர்களுடையதை வரி வரியாகப் படித்து, தேர்வு மையத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தேன். என்னுடையதில் 'பெண்கள் மேல்நிலைப் பள்ளி, காரை...' வரை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தேன். மீதியைப் படிக்க என்ன இருக்கிறது?

தேர்வன்று காலை எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளி வாசலில் நின்றேன். ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்த அலுவலர் அம்மா அதை இரண்டு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல காரைக்குடின்னுல்ல போட்டுருக்கு." விண்ணப்பத்தின் தேர்வு மையப் பட்டியலில் காரைக்காலுக்கு அடுத்த வரி காரைக்குடி. அதைத் தொட்டது என் விரல்தான். கேட் மூட இருபது நிமிடம் இருந்தது. காரைக்குடிக்கு பஸ்ஸில் நாலு மணி நேரமாவது ஆகும். யாரையாவது திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. உதவி எண்ணை அழைத்தால் அந்தப் பெண் "காரைக்குடியா மேடம்?" என்பாள், நானும் ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். அங்கேயே அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை.

நான் படிவம் போட்டுக் கொடுத்த பெண் ஒருத்தி உள்ளே போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றாள். விஷயம் தெரிந்ததும் அவசரமாகத் தன் ஹால் டிக்கெட்டைப் பிரித்தாள். "அக்கா, என்னோடத நல்லாப் பாத்துதானே போட்டீங்க?"

இந்த நாட்டில் காரைக்காலைக் காரைக்குடியாக்காத ஒரே பிறவி நான்தான் என்று பதினோரு வருடம் பீற்றிக்கொண்டிருந்தேன். என் ஒரு விரலால் இப்போது தேச ஒருமைப்பாடு பூரணமாகிவிட்டது.