பொன்னியின் முதுகுக் காயம்

சென்ற வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ராஜமாணிக்கம் சாரின் தங்கை மகள் திருநெல்வேலியிலிருந்து அழைத்தாள். "அங்கிள், மாமா போயிட்டாங்க" என்றாள். வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

நாங்கள் ஒரே அலுவலகம். டெல்லி மயூர் விஹாரில் எதிரெதிர் வீடு. தனிக்கட்டையான அவர், பொன்னி என்றொரு மலைப்பாம்பை வளர்த்தது அலுவலக நண்பர்களான உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு இனம், மூன்றரை அடிதான். மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர் விட்டுச் சென்றது.

கொன்று உறையவைத்த வெள்ளை எலிகள் அவருடைய ஃப்ரீஸரில் இருக்கும். வெந்நீரில் போட்டுச் சூடாக்கி இடுக்கியால் நீட்டுவார். ஏன் உயிரோடு போடுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "செத்த எலி திருப்பிக் கடிக்காது வே. உசிரோட போட்டா கண்ணாடிப் பெட்டிக்குள்ள அதுதான் எங்க ஓடும்? ரெண்டும் பாவம்லா?" என்றார்.

ஒரு ஜனவரியில் தங்கையின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போனார். ஃப்ரீஸரில் இரண்டு பொட்டலங்களைக் காட்டி, "ஞாயித்துக்கிழமை ஒண்ணு குடும். திங்கலைன்னா எடுத்துரும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஞாயிறு, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மைத்துனன் வந்திருந்தான். "அரே அத்தான், செத்ததைப் போட்டா என்ன மஜா?" என்றான். அவன் மேல் பழி போடமாட்டேன். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. மளிகைக்கடைப் பொறியில் சிக்கிய எலியைக் கொண்டுவந்து பெட்டிக்குள் விட்டோம். குளிரில் சுருண்டு கிடந்த பொன்னி அசையவில்லை. அரைமணி நேரம் பார்த்தோம். கிரிக்கெட் தொடங்கும் நேரமாயிற்று. எலியை எடுக்காமலே என் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மாலையில் போய்ப் பார்த்தால், எலி பொன்னியின் முதுகைக் கொறித்திருந்தது. ஓரிடத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மஞ்சள்பொடி தூவினேன். ஊருக்குப் போன் செய்து, வீட்டு எலி எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது என்றேன்.

தங்கையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ரயிலேறி வந்தார். பெட்டிக்குள் பார்த்தார். பிறகு ஃப்ரீஸரைத் திறந்தார். இரண்டு பொட்டலங்களும் அப்படியே இருந்தன. மூடிவிட்டு, "டாக்டர்ட்ட போணும். கூட வாரீரா?" என்று மட்டும் கேட்டார்.

காயத்தைப் பார்த்ததுமே கால்நடை மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. உயிரோடு எலியைப் போட்டது யார் என்று இந்தியில் கத்தினார். "மேனே" என்றார் ராஜமாணிக்கம் சார், நான்தான் என்று. நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தையல் போட்டும் ஒன்பதாம் நாள் பொன்னி செத்துப்போனது. மருத்துவரின் உதவியாளர் எங்கள் காலனிக்காரர். அவர் வழியாகக் கதை அலுவலகம்வரை வந்தது. வேடிக்கை பார்க்கப் போய்த் தன் பாம்பையே கொன்ற மனுஷன் என்று கான்டீனில் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போவார்.

ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பிய அன்று, ரயிலடியில், "சார், அந்தப் பொன்னி விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"விடும் வே. நீரா வந்து சொல்லுவீர்னு கொஞ்ச நாள் பாத்தேன். பெறகு விட்டுட்டேன்" என்றார்.

ரயில் நகர்ந்தது. அப்போதும் நான் சொல்லி முடிக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த வார்த்தைகள்தான். நண்பர்களே, எலியை விட்டது நான்.