பந்தியிலிருந்து எழுப்பியவள்

விமலாராணிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வாசலில் வந்து நின்றாலும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிடுவாள். பதில் வருவதற்குள் தட்டு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். பசித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. அந்தப் பழக்கம்தான் சூசையப்பர் நகரைக் கவிழ்த்தது என்று இப்போது பேசுகிறார்கள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்.

பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது அந்த நகர். மொத்தம் அறுபது வீடுகள். விமலாராணியின் கணவர் ஞானமுத்து ஒரு ஃபவுண்டரியில் முப்பது வருஷம் மணல் அச்சு அடித்தவர். அந்த மணல் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனித் தூசி பட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார். அதனால்தான் ஞானமுத்துவின் பி.எஃப். பணம், அவள் கழுத்தில் கிடந்தது எல்லாவற்றையும் போட்டு, நல்ல காற்று வரும் இடமாகத் தேடி இந்த வீட்டைக் கட்டினார்கள். வாசலில் நின்றால் குருடிமலை தெரியும். வந்து ஒன்பது வருஷத்தில் ஞானமுத்துவின் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், உச்சி வெயிலில் நான்கு பேர் சர்வே கருவியின் முக்காலியை நட்டு ரயில் பாதையோரம் அளந்துகொண்டிருந்தார்கள். விமலாராணி பார்த்தாள். அவ்வளவுதான், மோர் போனது. பின்னாலேயே அவர்களையும் கூட்டி வந்து போர்ட்டிகோவில் உட்காரவைத்து எலுமிச்சஞ்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டாள். அக்கம்பக்கத்தாரும் நாற்காலி, ஃபேன் என்று கொண்டுவந்துவிட்டார்கள்.

"என்ன வேலைங்க கண்ணு?" என்று கேட்டதற்கு, அவர்களில் பெரியவனான இன்ஜினியர் அருள்குமார், "ரயில் லைன் வேலைங்கம்மா" என்றான். மேட்டுப்பாளையத்துக்குக் கூடுதலாக ரயில் விடப்போகிறார்கள் என்று இவர்களாகவே முடிவு செய்து சந்தோஷப்பட்டார்கள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எங்கம்மா பல்லடத்துல இருக்குதுங்க. உங்களைக் காட்டோணும்" என்று எல்லாரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தான். பேர், போன் நம்பர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். விமலாராணி போட்டோவில் நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. வரப்போவது சரக்கு முனையம். ஒரு தனியார் கம்பெனி கட்டுகிறது. சிமெண்ட்டும் உரமும் வேகன் வேகனாக வந்து இறங்கும், ராத்திரி பகல் என்று லாரி ஓடும். இறக்கும் மேடைக்கும் ஞானமுத்து படுக்கும் அறைக்கும் நடுவில் நூற்றெழுபது அடி. விமலாராணியே டேப் வைத்து அளந்தாள்.

அன்றிலிருந்து அவள் எதிர்ப்புக் குழுவின் செயலாளர். திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசில் மனு. ஒன்பது மனுவுக்கும் ஒரே பதில்தான் வந்தது: உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய அலுவலரோ, கம்பெனியிடமே விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்தையே பதிலாக அனுப்பினார். வேலிக்கு ஓணான் சாட்சி. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமையும் போனாள்.

ஒருவழியாக, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். காலை பத்தரைக்கு என்றார்கள், பன்னிரண்டுக்குத் தொடங்கினார்கள். விமலாராணி கால் மணி நேரம் பேசினாள். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினாள். மேடையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பெனி கொடுத்திருந்த தடிமனான இங்கிலீஷ் அறிக்கையைப் புரட்டினார்.

"நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கம். முதல் கலந்தாய்வுக் கூட்டம் திருமதி விமலாராணி இல்லத்தில் நடந்தது. பதினாலு பேர் கலந்துக்கிட்டு வரவேற்பு தெரிவிச்சாங்க. போட்டோவும் கையெழுத்தும் இருக்கு. இது நீங்கதானேம்மா?"

"நாந்தானுங்க. வெயில்ல நின்னாங்கன்னு சோறு போட்டேனுங்க. சோறு போட்டா சம்மதமுங்களா?"

"போட்டோவுல நல்லா சிரிச்சிட்டு இருக்கீங்களே."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு வெங்கடபதி, போட்டோவில் அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறவர், எழுந்து, "ஏனுங்க விமலாம்மா, அவனுகளை உள்ள கூப்பிட்டது நீங்கதானுங்களே" என்றார். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு ஃபேன் தூக்கி வந்தவர் அவர்தான்.

இரண்டரை மணிக்குக் கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள். கீழே எல்லாருக்கும் சாப்பாடு, கம்பெனி செலவு. பசியில் ஜனம் படியில் இறங்கியது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒருவன் நோட்டோடு உட்கார்ந்து, பேரும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தான். விமலாராணி குனிந்து நோட்டைப் பார்த்தாள். பக்கத்தின் மேலே தலைப்பே இல்லை.

"எதுக்குங்க இந்தக் கையெழுத்து?"

"சமையல்காரருக்குக் கணக்குக் காட்டோணுமுங்க."

இருபத்தொன்பது வருஷம் சாப்பாட்டு நோட்டு எழுதியவள் அவள். தலை எண்ணினால் போதும், சாப்பிடுகிறவனிடம் யாரும் கையெழுத்து வாங்கமாட்டார்கள். தலைப்பைப் பிறகு எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்வார்கள். வாசலில் நின்று, கையெழுத்துப் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் கெஞ்சினாள். சிலர் தயங்கித் திரும்பினார்கள். பலர் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால், மூன்றாவது வரிசையில் ஞானமுத்து. சர்க்கரை மாத்திரை போட்டிருந்தார், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இலையில் சாம்பார் ஊற்றியாகிவிட்டது, பிசைந்துகொண்டிருந்தார்.

பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புவது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பிள்ளையைக்கூடத் தட்டு முன்னாலிருந்து அவள் எழுப்பியதில்லை. அவர் எதிரில் போய் நின்றாள்.

"எந்திரீங்க."

ஞானமுத்து நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. பிசைந்த கையோடு எழுந்துவிட்டார். பக்கத்து இலையில் இருந்த வெங்கடபதி, "நாம எந்திரிச்சாப்ல ரயிலு நின்னுபோயிருமுங்களா? சாப்பிட உடுங்க" என்று அப்பளத்தை நொறுக்கினார். நோட்டுக்காரனிடம் போய்க் கணவர் பெயரை அடிக்கச் சொல்லி, அவன் அடிக்கும்வரை நகராமல் நின்றாள். மொத்தம் பத்தொன்பது பேர் சாப்பிடாமல் வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், கையெழுத்து இணைப்பில், திட்டத்துக்குப் பெரும்பான்மை ஆதரவு. திங்கட்கிழமை விமலாராணி அதைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனாள்.

"நான் கால் மணி நேரம் பேசினேனுங்க. அதுல ஒரு வரிகூட இதுல இல்லீங்க."

ஆபீஸ் உதவியாளர் மெனக்கெட்டு, பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான்.

"உங்க பேரே இல்லீங்களேம்மா. கையெழுத்துப் போடாதவங்க வரலீன்னுதானுங்க எடுத்துக்குவாங்க. முதல் கூட்டத்துல இருக்குதுங்க, உங்க ஊட்டுல நடந்ததுல. அதை மட்டும் நகல் எடுத்துத் தரட்டுங்களா?"

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். வாசலுக்கு எதிரே புதுத் தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த ஞானமுத்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"அன்னிக்கு நாம ரெண்டு பேரும் அங்க போகவே இல்லீங்களாமா."

ஞானமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது இருமலில் போய் நின்றது. அது அடங்கும்வரை விமலாராணி அவர் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது அடங்க வெகுநேரம் ஆனது.